குட்டிப் பனைக்கு ஒரு கூரை

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மழைக்காடுகளில், பெரிய மரங்களின் அடியில் வளரும் குட்டிப் பனை லினோஸ்பேடிக்ஸ் மோனோஸ்டாக்கியோஸ். வாக்கிங் ஸ்டிக் பாம் என்றால் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் பருமனில் தண்டு, உயரம் பெரும்பாலும் 3 மீட்டருக்குள். தண்டின் அடி குமிழாகப் பருத்திருக்கும். தலைகீழாகத் திருப்பினால் அதுவே ஊன்றுகோலுக்குப் பிடி.

குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கும் இதன் சொந்த மண். வெகு தெற்கே, குளிர்ந்த மெல்பர்னிலும் இதை வளர்க்கலாம். ஆனால் குளிரைவிடத் திறந்த வானம்தான் இதற்குப் பெரிய ஆபத்து.

மேகமற்ற இரவில் இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிட இலை இன்னும் குளிர்ந்துவிடும். அதனால்தான் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதுகூட புல்வெளியில் உறைபனி படிகிறது. மேலே பசுமைமாறா மரம் ஒன்று கவிந்திருந்தால், அதன் இலைகளிலிருந்து வரும் கதிர்வீச்சு, இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மரத்தடியில் உறைபனி அரிதாவது இதனால்தான்.

உறைபனி கடுமையானால், பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்க, செல் வறண்டு, சவ்வு கிழிகிறது. இலை போனால் புதிது வரும். குருத்து போனால் கதை முடிந்தது: ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் முனை ஒன்றே. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்த தென்னையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எனவே கருகிய ஓலைகளை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வசந்தம் வரும்வரை அவை குருத்தைக் காக்கும்.

அதே கூரை கோடையிலும் வேண்டும். மெல்பர்னில் உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட வடகாற்று, சில நாள்களில் வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். மங்கிய ஒளிக்கென அமைந்த இந்த இலை, நேர்வெயிலில் தாங்கமுடியாத அளவு ஒளியை வாங்கி வெளிறிப்போகும்; வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக நீர் ஆவியாகி ஓரம் காயும். மரப்பெரணிகளுக்கு நடுவே, காற்று நேராகத் தாக்காத இடத்தில் நடுவதே சிறந்தது.

மண்ணில் இலைமக்கு நிறைய வேண்டும். ஈரம் வற்றக்கூடாது, நீர் தேங்கவும் கூடாது. குளிர்ந்த களிமண்ணில் தேங்கும் நீர் வேரை அழுகச்செய்யும். வளர்ச்சி மிக மெதுவானது, விதை முளைக்கவே பல மாதங்கள் ஆகும். காத்திருந்தவர்களுக்கு, நீண்டு தொங்கும் ஒற்றைக் கதிரில் சிவப்புப் பழங்கள் கிடைக்கும்.