படிவத்தில் 'மதம் இல்லை' என்று எழுதியவரிடம் என்ன கேட்பது?

இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் மதத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில், வயதானவர் என்றால் கேட்காமலே அதை நிரப்பிவிடலாம் போலிருக்கும். கேட்டால் 'சர்ச் ஆஃப் இங்கிலாந்து' என்றுதான் பதில் வரும். ஞாயிறு ஆராதனைக்குப் போவீர்களா என்றால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இன்று அதே வயதுக்காரர்களில் பலர் 'எதுவும் இல்லை' என்கிறார்கள். அறுபதுக்குக் கீழே இருக்கும் வெள்ளையர் ஒருவர் வேறு பதில் சொன்னால் நிமிர்ந்து பார்க்கிறேன்.

நான் பாலியேட்டிவ் சிகிச்சைச் செவிலியர். குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயில் வலியையும் துயரத்தையும் தணிப்பது என் வேலை. ஆகவே மேற்கத்தியச் சமூகத்தில் கிறிஸ்தவத்தின் செல்வாக்கு குறைவதை நான் படுக்கையோரத்திலிருந்து பார்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள் என்பதால் என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது வாசகருக்குப் புரியும். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவரை அனுப்பிய நாட்டில் பூட்டிக் கிடக்கும் ஆலயங்களைப் பார்ப்பது வேதனைதான். ஆனால் அந்த வேதனையைச் சொல்ல இதை எழுதவில்லை. திருச்சபை விலகிப்போனாலும் சாகக் கிடப்பவரின் கேள்விகள் விலகிப்போகவில்லை. அவற்றைக் கேட்க முன்பு ஊருக்கு ஒருவர் இருந்தார். இன்று பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பது செவிலியர். அதுவும் கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ நேற்று வந்து இறங்கிய செவிலியர். அவர்களுக்காகவும், இங்கே பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2001இல் 71.7 சதவீதம், 2011இல் 59.3, 2021இல் 46.2. முதன்முறையாகப் பாதிக்கும் கீழே. மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். வேல்ஸை மட்டும் தனியாகப் பார்த்தால் மதம் இல்லாதவர்களே கிறிஸ்தவர்களைவிட அதிகம். ஸ்காட்லாந்தில் 2022 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர், 51.1 சதவீதம், மதம் இல்லை என்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019இல் நடந்த ஆண், பெண் திருமணங்களில் மதச் சடங்கோடு நடந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

இதைக் கேட்கும் நம்மூர்க்காரர்கள், மக்கள் திருச்சபையோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் நடந்தது பெரும்பாலும் அப்படியல்ல. தாத்தா போனார்; அப்பா பண்டிகைக்கு மட்டும் போனார்; பிள்ளைக்குப் போகத் தோன்றவே இல்லை. பிரிட்டனில் தலைமுறைகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. தாய் தந்தை இருவரும் பக்தியுள்ளவர்களாக இருந்தால்கூடப் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான். ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கும் அநேகமாக இல்லை. இதற்கிடையே 1994இல் ஞாயிறன்று பெரிய கடைகளைத் திறக்கச் சட்டம் இடம் கொடுத்தது. சிறுவர் கால்பந்துப் பயிற்சியும் ஞாயிறு காலைக்கு வந்தது. யாரும் எதையும் தடை செய்யவில்லை. ஞாயிறு மற்ற நாள்களைப் போல ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி படுக்கையோரம். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், வயது தொண்ணூறை நெருங்கியவர், மறதி நோய் முற்றிய நிலையில் எங்கள் பிரிவுக்கு வந்தார். மகள் நிரப்பிய படிவத்தில் மதம்: எதுவும் இல்லை. பேச்சு நின்று வெகு நாளாகியிருந்தது. பெயர் சொல்லி அழைத்தாலும் கண் திரும்பாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க மருத்துவமனைப் போதகர் வந்தார். அவர் மெல்லிய குரலில் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கியதும், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் பெரியவரின் உதடுகள் அசைந்தன. இரண்டாவது வரியிலிருந்து குரலும் வந்தது. பழைய ஆங்கிலத்தில், ஒரு சொல் தவறாமல், ஆமென் வரை சொல்லி முடித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்லூரியில் படிக்கும் பேத்தி என்னைப் பார்த்து, "தாத்தா என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இதில் அதிசயம் எதுவுமில்லை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளில் தினசரி கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் காலைதோறும் வரிசையில் நின்று அந்த ஜெபத்தைச் சொன்னவர்கள். மறதி நோயில் நேற்று நடந்தது முதலில் போகும். சிறு வயதில் தாளத்தோடு மனப்பாடமானவை நெடுநாள் தங்கும். ஜெபமும் பாட்டும் கடைசிவரை நிற்பதை இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எனவே எண்பதைத் தாண்டியவர் படிவத்தில் 'இல்லை' என்று இருந்தாலும், அது யார் சொன்ன 'இல்லை' என்று பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் சொன்னதாக இருக்கும்.

அந்த ரயில்வேப் பெரியவர் இறந்த இரவில் மகள்கள் இருவரும் கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். "இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மூத்தவர் கேட்டார். இறப்புச் சான்றிதழையோ பதிவு அலுவலகத்தையோ அவர் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம் வீடுகளில் அந்த நேரத்தில் யாராவது ஒரு பெரியம்மா எழுந்து விளக்கேற்றச் சொல்வார், நாடியைக் கட்டச் சொல்வார், வேதபுத்தகத்தை எடுக்கச் சொல்வார். எந்த மதமானாலும் கைக்கு ஒரு வேலை இருக்கும். அந்த இரண்டு பெண்களின் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் போர்வையை நீவிக்கொண்டே இருந்தன. நான் வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, அப்பாவின் முகத்தை நீங்களே துடைத்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். துடைத்தார்கள். தலை வாரினார்கள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

நான் செய்யும் இந்த வேலையே திருச்சபை மடியில் பிறந்தது. 1967இல் லண்டன் சிடன்ஹாமில், இறக்கும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த பக்தியுள்ளவர். சாகும் மனிதரின் வலி உடலிலும் மனதிலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது, நான்கையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று கற்பித்தவர் அவர். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் பேசுவதற்கான சமாரிட்டன்ஸ் அமைப்பை 1953இல் தொடங்கிய சாட் வாரா ஓர் ஆலயக் குரு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும் க்ரூஸ் அமைப்பை 1959இல் விதவைகளுக்காகத் தொடங்கிய மார்கரெட் டோரி குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இவையெல்லாம் இன்று மத அடையாளமின்றி எல்லோருக்கும் உதவுகின்றன, நன்றாகவே உதவுகின்றன. ஆனால் சாண்டர்ஸ் சொன்ன நான்கில் முதல் மூன்றுக்கும் எங்களிடம் மருந்தும் ஆளும் இருக்கிறார்கள். நான்காவதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கிறது. 2018இல் பிரிட்டிஷ் அரசு தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. வாரம் ஒருமுறையாவது ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த ஊர், அந்தப் பழக்கத்தை விட்ட பிறகு எவ்வளவு தனித்துப்போனது என்பதை, வீடுவீடாகப் போகும் எந்தச் செவிலியரும் சொல்வார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நோயாளி கிறிஸ்தவர் என்றால் உடனே குருவானவரை அழைத்துவிட வேண்டும் என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. இங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஓர் அயர்லாந்துப் பெண்மணியின் படிவத்தில் 'ரோமன் கத்தோலிக்கம்' என்று இருந்தது. வழக்கப்படி குருவானவர் பார்க்க வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குருவானவர் போனபின், "அந்த வெள்ளைக் காலர் என் கட்டில் பக்கம் வரக் கூடாது" என்றார். காரணத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மணமாகாமல் கருவுற்றதற்காக இளம் வயதில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிக்கு அனுப்பப்பட்டவர். குழந்தையை வாங்கிக்கொண்டார்கள்.

அயர்லாந்தில் கத்தோலிக்கத் திருச்சபை சரிந்த கதை இங்கிலாந்துக் கதையைப் போன்றதல்ல. அங்கே கோபம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பெண்களைக் கூலியின்றி வேலை வாங்கிய மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. டூயம் ஊரில், அந்தப் பெண்மணி அனுப்பப்பட்டதைப் போன்ற ஒரு விடுதியில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லெஸ் தேடி எடுத்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளினுக்கு வந்தபோது பத்து லட்சம் பேர் திரண்ட நாடு, 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதம் வாக்களித்தது. இங்கிலாந்துத் திருச்சபையும் தப்பவில்லை. கிறிஸ்தவ இளைஞர் முகாம்களில் சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரைப் பற்றிய புகாரை உரிய முறையில் பின்தொடரவில்லை என்ற அறிக்கைக்குப் பிறகு, அதன் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். காயம்பட்டவர்களுக்குத் திருச்சபையின் செல்வாக்கு குறைந்தது விடுதலை. அதை என் போன்ற விசுவாசிகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பெண்மணியின் கட்டிலருகே நிற்க எங்களுக்குத் தகுதியில்லை.

வெல்பிக்குப் பின் பேராயராக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சாரா முல்லாலி, புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாக உயர்ந்தவர். எங்கள் பிரிவில் பலருக்கு அந்தச் செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் பேராயரின் சொல் இன்று நாட்டை நிறுத்துவதில்லை. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் 26 பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும் இடம் இருக்கிறது. திருச்சபைத் தலைமை எதிர்த்தும், இறக்கும் நிலையில் உள்ளவர் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள இடம் தரும் மசோதாவை மக்களவை 2025 ஜூன் 20 அன்று 314க்கு 291 என்று நிறைவேற்றியது. இந்தக் கேள்வியையும் நோயாளிகள் முதலில் கேட்பது எங்களிடம்தான்.

புதிதாக வந்த செவிலியத் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு எச்சரிக்கை. நம்மூரில் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பது அன்பு. இங்கே அதை நீங்களாகச் சொன்னால் புகாராகலாம். ஜெபிக்கட்டுமா என்று நோயாளியிடம் கேட்டதற்காக 2008 டிசம்பரில் ஒரு செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாடு முழுவதும் அது பேச்சான பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். தனிப்பட்ட நம்பிக்கையைப் பொருத்தமில்லாத விதத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்பது செவிலியர் மன்றத்தின் நடத்தை விதி. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நான் கேட்பது இப்படி: "கஷ்டமான காலங்களில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்?" ஒருவர் மனைவி என்பார், ஒருவர் தோட்டம் என்பார், ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு "சின்ன வயதில் பாடகர் குழுவில் இருந்தேன்" என்பார். அடுத்து, "இப்போது யாரையாவது பார்க்க வேண்டும் போலிருக்கிறதா?" என்று கேளுங்கள். மருத்துவமனைப் போதகர் குழுக்களில் இன்று கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து ஆகியோரோடு, எந்த மதமும் சாராத ஆறுதல் பணியாளர்களும் பல இடங்களில் இருக்கிறார்கள். நோயாளிக்கு இது தெரிந்திருக்காது. சொல்ல வேண்டியது நாம். வேண்டாம் என்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடி கேட்டு நோகடிக்காமல் இருப்பார்.

நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லண்டன் மேற்கு ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் கோயில் இருப்பது முன்பு கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடமாக இருந்த கட்டிடத்தில். பிரெஸ்டனில் மூடிய புனித இக்னேஷியஸ் ஆலயம் கேரள சீரோ மலபார் கத்தோலிக்கர்களின் கைக்கு வந்து பேராலயமாகிவிட்டது. இவற்றைக் காட்டி, அவர்கள் விட்டார்கள், நாம் பிடித்துக்கொண்டோம் என்று பெருமைப்படும் பெற்றோரைப் பார்க்கிறேன். மேலே சொன்ன தலைமுறைக் கணக்கு நம் பிள்ளைகளை விட்டுவைக்கும் என்று நினைக்க எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை. அவர்களும் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், அவர்களுடைய ஞாயிறும் இந்த ஊர் ஞாயிறுதான்.

ஆகவே உங்கள் கடைசி நேரத்துக்கு எது வேண்டும் என்பதை இப்போதே பேசுங்கள். தேவாரமா, 23ஆம் சங்கீதமா, எதுவும் வேண்டாமா. எதுவானாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். பிரிட்டனில் யாரும் கூடாமல், சடங்கின்றி நடக்கும் நேரடித் தகனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிட்டார்கள். 2023இல் சாதாரண இறுதிச்சடங்குக்குச் சராசரியாக 4,000 பவுண்டுக்கு மேல் ஆனது; நேரடித் தகனத்துக்குச் சுமார் 1,500. விரும்பி எடுத்தால் அதில் தவறில்லை. என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் விளம்பரத்தைப் பார்த்து அவசரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: உயிலில் எழுதிய இறுதிச்சடங்கு விருப்பம் இங்கிலாந்தில் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தாது. முடிவெடுப்பவர் உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர். அவரிடம் நேரில் சொல்லுங்கள், ஒரு தாளிலும் எழுதிக்கொடுங்கள். பாட்டின் முதல் வரி, ஜெபத்தின் மொழி, தொலைபேசியில் கூப்பிட வேண்டிய குருக்கள் அல்லது போதகரின் பெயர் மூன்றும் அதில் இருந்தால், இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் என்னைப் போன்ற ஒருத்திக்கு அது போதும்.