படிப்பு பாதியில நின்னா கடனும் நின்னுடுமா?

கல்விக் கடன் விஷயமா என் முன்னாடி வந்து உக்கார்ற அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியிலதான் ஆரம்பிப்பாங்க, "மேடம், காலேஜுக்கு இவ்ளோ காச கொட்டுறது வொர்த்தா?" அப்படின்னு. நான் உடனே பதில் சொல்றதில்ல, ஏன்னா என் மேஜைக்கு வந்த குடும்பங்கள்ல ரொம்ப அடிபட்டவங்க காலேஜ் போகாதவங்களும் இல்ல, அதிகமா ஃபீஸ் கட்டிப் படிச்சு முடிச்சவங்களும் இல்ல. பாதியில விட்டவங்கதான்.

ஒரு பையன் தனியா வந்தான். மூணாவது வருஷம் அரியர் சேந்து சேந்து, வீட்லயும் சிக்கல், காலேஜுக்குப் போறத நிறுத்திட்டான். கையில பேங்க் ஸ்டேட்மென்ட், நாலா மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சே போச்சு. கடைசிப் பக்கத்துல அவங்கப்பா பென்சில்ல ஒரு கழித்தல் போட்டிருந்தாரு, வாங்கின பணத்துல இருந்து இதுவரைக்கும் கட்டினத கழிச்சு அடியில ரெண்டு கோடு. பேங்க் காட்டின பாக்கிக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்ல. "அப்பா பேங்க்காரன் ஏமாத்துறான்னு சொல்றாரு மேடம்"னான். ஏமாத்தல, வட்டி ஏறிருக்கு, அத யாரும் அவருக்கு முதல்லயே உக்காந்து சொல்லல, எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் அதுதான்.

அதனால இப்பல்லாம் யார் வந்தாலும் முதல்ல பேப்பர எடுத்துடுவேன். வருஷ ஆரம்பத்துல 1 லட்சம் வீதம் 4 வருஷம் கடன், வட்டி 10%னு வச்சுக்கோங்க. வட்டிய கட்டாம முதலோட சேத்துக்கிட்டே போனா படிப்பு முடியும்போது பாக்கி 4 லட்சம் இல்ல, 5.1 லட்சம். வேலை தேட இன்னொரு வருஷம் அவகாசம் எடுத்தா 5.6 லட்சம். அத 7 வருஷ தவணையா கட்டினா மாசம் 9,300க்கு மேல, மொத்தமா போறது ஏறக்குறைய 7.8 லட்சம். அதே கடன்ல படிக்கும்போதும் வேலை தேடுற அந்த ஒரு வருஷமும் அந்தந்த மாச வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தா (முதல் வருஷம் மாசம் 833தான் வரும், வருஷா வருஷம் ஏறும்) தவணை 6,650க்குள்ள நிக்கும், மொத்தமும் 7 லட்சத்த தாண்டாது. முடிஞ்சவங்க தயவுசெஞ்சு இதப் பண்ணுங்க. "தவணை இப்ப ஆரம்பிக்காது"ன்னு சொன்னா வட்டியும் ஆரம்பிக்காதுன்னு அர்த்தமில்ல.

இப்ப அதே கணக்க ரெண்டாவது வருஷ முடிவுல நிறுத்திப் பாருங்க. பாக்கி 2.31 லட்சம். தொகை சின்னதா தெரியும். ஆனா கட்டுறதுக்கான சம்பளத்த வாங்கித் தர வேண்டிய சர்டிஃபிகேட் கையில இல்ல, அதுக்கு மேல படிப்ப விட்டுட்டா பெரும்பாலும் தவணையும் முன்கூட்டியே ஆரம்பிச்சிடும். பாதி படிச்சா பாதி சம்பளம் கிடைக்கும்னு நிறைய பேர் மனசுல ஒரு நெனப்பு இருக்கு, அப்படிக் கிடைக்காது. 1973லயே மைக்கேல் ஸ்பென்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர் எழுதினாரு, ஒருத்தருக்குள்ள என்ன திறமை இருக்குன்னு வேலை தர்றவருக்கு நேரடியா தெரியாது, பட்டத்த ஒரு அடையாளமா வச்சுத்தான் எடைபோடுறாருன்னு, 2001ல அவருக்குக் கிடைச்ச நோபல் பரிசும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான். அடையாளம்னா இருக்கு இல்லன்னுதான் பாப்பாங்க, முக்கால்வாசி இருக்குன்னு யாரும் பாக்க மாட்டாங்க.

"பில் கேட்ஸ் பாதியில விடலயா"ன்னு பசங்க கேப்பாங்க. விட்டாரு, 1975ல. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் ஆரம்பிச்சாச்சு, வசதியான குடும்பம், தலைக்கு மேல கடனும் இல்ல. ஒண்ண நோக்கிப் போறதுக்காக விடுறது வேற, முடியாம விடுறது வேற.

கடன்லயும் எல்லாம் ஒரே ரகம் இல்ல. ஆஸ்திரேலியாவுல 1989ல ஒரு முறை கொண்டுவந்தாங்க, படிச்சவரோட வருமானம் ஒரு அளவத் தாண்டினாத்தான் கடன திருப்பிக் கட்டணும், அதுக்குக் கீழ இருந்தா கட்டாயம் இல்ல. சாதாரண பேங்க் கடன் அப்படிக் காத்திருக்காது, பிள்ளையால முடியலன்னா, கூடச் சேந்து கையெழுத்துப் போட்ட அப்பா அம்மா கிட்ட வரும். எது உங்களுக்குக் கிடைக்குதுன்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.

அப்புறம் இந்த "95% பிளேஸ்மென்ட்". எதுல 95%னு கேளுங்க. உதாரணத்துக்கு 120 பேர் சேந்து, அரியர் இல்லாம 80 பேர் வந்து, அதுல 60 பேர் வேலைக்குப் பேர் குடுத்து, 57 பேருக்குக் கிடைச்சா அதுவும் 95%தான். சேந்தவங்க கணக்குல பாத்தா பாதி கூட இல்ல. நீங்க பணம் கட்டுறது 120ல ஒருத்தரா, 60ல ஒருத்தரா இல்ல.

டாக்டர், வக்கீல் மாதிரி பட்டம் இல்லாம உள்ளயே போக முடியாத வேலைன்னா விவாதமே வேணாம், காலேஜ்தான். மத்ததுக்கெல்லாம், குறைஞ்ச ஃபீஸ்ல பிள்ளை நிச்சயமா முடிக்கக்கூடிய ஒரு காலேஜ், பேர் பெருசா இருந்து மூச்சுத் திணறுற காலேஜ விட மேல்னுதான் நான் சொல்லுவேன். ஏற்கனவே தடுமாறுற பசங்க, விடுறதுக்கு முன்னாடி ஒரு வருஷ இடைவெளி கேக்கலாம், வேற பிரிவுக்கு மாறலாம், முடிச்ச பேப்பர வேற காலேஜ்ல ஏத்துக்குவாங்களான்னு விசாரிக்கலாம். பேங்க்குக்கும் முதல் தவணை தவறுறதுக்கு முன்னாடியே போங்க, அப்பத்தான் பேச இடம் இருக்கும்.

அந்தப் பையன் கிட்ட முதல்ல கேட்டது, இன்னும் எத்தன பேப்பர் பாக்கின்னுதான். விரல் விட்டு எண்ணினான், மறுபடியும் எண்ணினான், பதினொண்ணுன்னான். காலேஜ்ல திரும்ப சேத்துக்குவாங்களான்னு கேட்டியாப்பான்னேன். கேக்கவே இல்லயாம். என் போன்ல இருந்தே காலேஜுக்கு அடிச்சான், லைன் கிடைக்கிற வரைக்கும் அந்தக் கிழிஞ்ச ஸ்டேட்மென்ட்டோட மடிப்ப விரலால நீவிக்கிட்டே உக்காந்திருந்தான்.