சிகரெட் பெட்டியில் ஒரு வருடம்

‘லாபி’, அதாவது அரசின் முடிவைத் தன் பக்கம் வளைக்க ஒரு தொழில் கொடுக்கும் அழுத்தம், என்றதும் பணப்பெட்டி கைமாறும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்த அளவுக்குப் போகாமலே பல காரியங்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு சந்தேகம், ஒரு கமிட்டி, கொஞ்சம் தாமதம் போதும்.

சிகரெட் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் எச்சரிக்கைப் படம் முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீத இடத்தில் இருந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் இரண்டு பக்கமும் 85 சதவீதம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014 அக்டோபரில் அறிவித்தது. பிராண்ட் பெயர், நிறம், பளபளப்பு எல்லாம் மீதி 15 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். டிவி விளம்பரம் ஏற்கெனவே கிடையாது. பெட்டிதான் கையில் மிஞ்சியிருந்த விளம்பரப் பலகை.

அரசு போடும் விதிகளை ஆராய மக்களவையில் ஒரு குழு உண்டு. அதன் அப்போதைய தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் என்பதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இந்திய ஆய்வு எங்கே என்று கேட்டார். (இருந்தன.) குழு உறுப்பினர்களில் ஒருவர் அப்போதைய அலகாபாத் எம்.பி. சியாமா சரண் குப்தா. பீடித் தொழிலதிபர், அது ஊருக்கே தெரிந்த விஷயம். குழு கேட்டுக்கொள்ள, கடைசி நேரத்தில் விதி தள்ளிப்போனது.

ஏன் இது எளிதாக நடக்கிறது? படம் பெரிதானால் யாருக்கு நஷ்டம் என்று கம்பெனிக்கு இன்றே தெரியும். பத்து வருடம் கழித்துப் புற்றுநோய் வரப்போகிறவருக்குத் தான்தான் அது என்று தெரியாது. அவர் சங்கம் வைத்து டெல்லிக்கு மனு கொண்டுபோவது எப்படி?

அப்புறம், விதியை எதிர்க்க முன்னால் நிறுத்த ஒரு முகம் வேண்டும். தென்காசிப் பக்கம் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு நிஜம்தான். கூலி பேசும் நாளிலும் முதலாளிகளுக்கு அவர்கள் இதே அளவு ஞாபகம் வருவார்களா என்பது என் சந்தேகம்.

50 சதவீதம் போதும் என்று குழு சொல்லியும், 2016 ஏப்ரலில் 85 சதவீதமே அமலானது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. லாபி தோற்றது, சரி. ஆனால் ஒரு வருடம் லாபம்.

சத்தமில்லாத வெற்றி வேறு இடத்தில். சிகரெட்டைச் சில்லறையாக விற்கத் தடை என்று 2015 ஜனவரியில் ஒரு சட்டத் திருத்த வரைவு வந்தது. அது சட்டமாகவில்லை. பெட்டிக்கடையில் ஒன்று மட்டும் வாங்கிப் பற்றவைக்கிறவர் கையில் சிகரெட் இருக்கிறது. படம் கடைக்காரரிடமே இருக்கிறது.