கழலை இருக்கப் புற்று எதற்கு?

மதுரையில் எண்டோஸ்கோபி பார்த்துவிட்டுத் தொண்டிக்கோ ஏர்வாடிக்கோ பஸ் ஏறுகிறவர் கையில் ஒரு ரிப்போர்ட். ‘புரூன்னர் சுரப்பி அடினோமா’ என்று அதில் இருக்கிறது. வீட்டில் யாராவது செல்போனில் தேடி, ‘சுரப்பியில் தீங்கற்ற புற்று’ என்று வாசித்துக் காட்டுவார்கள். ‘தீங்கற்ற’ யார் காதிலும் ஏறாது. அன்றிரவு அந்த வீட்டில் உலை ஏறாது.

அடினோமா கிரேக்கச் சொல். அடென் என்றால் சுரப்பி. ஓமா என்ற ஈறு கட்டியைக் குறிக்கும். புரூன்னர், 1687-இல் இந்தச் சுரப்பிகளை விவரித்த சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் சுவரில், உள்தோலுக்கு அடியில் இவை இருக்கின்றன. இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலம் குடலை அரிக்காதபடி காரத்தன்மையுள்ள கோழையைச் சுரப்பது இவற்றின் வேலை. சொல்லின் பூர்வீகம் இவ்வளவுதான்.

புற்று என்ற சொல் எங்கிருந்து வந்தது? முதுகுளத்தூர்ப் பக்கம் பனங்காட்டில் கறையான் புற்றை வெட்டிப் பார்த்தால் தெரியும். வெளியே தெரிவது ஒரு மேடு. அடியில் வளை எங்கே போய் முடிகிறது என்று சொல்ல முடியாது. எல்லையில்லாமல் அக்கம்பக்கத்துத் திசுவைத் துளைத்துப் பரவும் நோய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அடினோமா அப்படிப் பரவுவதில்லை. தனக்கென்று ஓர் எல்லையோடு, பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, சிலவேளை காம்போடு தொங்குகிறது. புரூன்னர் சுரப்பி அடினோமா புற்றாக மாறுவது மிக அரிது. அதைத் ‘தீங்கற்ற புற்று’ என்பது ‘நஞ்சில்லாத விஷம்’ என்பதைப் போலத்தான்.

இதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: கழலை. கழல்தல் என்றால் பிடி தளர்தல். தோலுக்கடியில் விரலால் தள்ளினால் நழுவும் கட்டியைக் கழலை என்று சொல்லி வந்திருக்கிறோம். ‘கழலை என்றால் கழுத்தில் வருவதாயிற்றே’ என்று மறுப்பவர்கள் உண்டு. பாடப்புத்தகத்தில் அயோடின் குறைவைப் பற்றிப் படித்த ‘முன்கழுத்துக் கழலை’தான் அவர்கள் நினைவில் இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். அது சொல்லுக்குப் பலம்தானே? அங்கே வீங்குவதும் ஒரு சுரப்பி, அதுவும் புற்றல்ல. எனவே அடினோமாவுக்குச் ‘சுரப்பிக் கழலை’ என்பதே சரி.

தனித்தமிழ் ஆர்வத்தில் சிலர் ‘நாளமில்லாச் சுரப்பிக் கட்டி’ என்றும் எழுதுகிறார்கள். அது பொருளையே கவிழ்த்துவிடுகிறது. புரூன்னர் சுரப்பிக்கு நாளம் உண்டு. அந்த வழியாகத்தான் கோழை குடலுக்குள் வருகிறது. தூய்மை பார்க்கிறவர்கள் முதலில் உடற்கூற்றைப் பார்க்கட்டும்.

‘தீங்கற்ற’ என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. ஆங்கிலத்தில் ‘பினைன்’ (benign) என்பார்கள், அதன் லத்தீன் மூலத்துக்கு ‘நல்ல இயல்புடையது’ என்று பொருள். அதை அப்படியே தூக்கிவந்த வினை இது. பெரிதான கழலை உணவுப் பாதையை அடைத்து வாந்தி உண்டாக்கும். மேற்பரப்பு புண்ணாகி ரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்து இறங்கும், சோகை வரும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) தீங்கில்லை என்று படித்தவர் அடுத்த பரிசோதனைக்கு ஏன் போகப் போகிறார்? ‘புற்றல்லாத’ என்று எழுதினால் உள்ளது உள்ளபடி நிற்கும்.

முன்சிறுகுடலைப் ‘பன்னிருவிரற்குடல்’ என்று எழுதுவதும் இந்த வகைதான். படிக்கிறவர் கண்முன் பன்னிரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கிரேக்கர் சொன்னது பன்னிரண்டு விரல்களின் அகலத்தை. நம் கணக்கில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். சாண் நீளக் குடல் என்று சொல்லிப் பாருங்கள், மீனவர் தன் கையை விரித்தே அளவைக் காட்டிவிடுவார்.

ரிப்போர்ட்டில் இன்னொரு குழப்பம். கழலை உள்தோலுக்கு அடியில் இருப்பதால், இடுக்கியால் கிள்ளியெடுக்கும் சதைத்துணுக்கில் பல நேரம் அந்த உள்தோல் மட்டுமே வரும். சோதனைக்கூடமும் ‘இயல்பான திசு’ என்று எழுதும். மொழிபெயர்ப்பில் அது ‘கட்டி இல்லை’ என்று ஆகிவிடுகிறது. ‘எடுத்த துணுக்கில் மாற்றம் இல்லை’ என்பதே அதன் பொருள். கட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஆழத்தை அறிய எண்டோஸ்கோபி வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள்.

காம்புள்ள கழலையைக் கம்பி வளையம் மாட்டி இறுக்கி, மின்சூட்டால் அறுத்து எடுப்பார்கள். காம்புக்குள் ரத்தக்குழாய் ஓடுவதால் அறுத்த இடம் கசிகிறதா என்று பார்த்துவிட்டே எண்டோஸ்கோபிக் குழாயை வெளியே இழுப்பார்கள். அந்த வளையத்துக்கு ‘வலைப்பொறி’, ‘சுருக்குக்கம்பிக் கருவி’ என்றெல்லாம் எழுதித் தள்ளுகிறார்கள். காடை பிடிக்க வைப்பதற்குப் பெயர் கண்ணி. ஆஸ்பத்திரியிலும் அது கண்ணியாகவே இருக்கட்டும்: ‘முன்சிறுகுடலில் இருந்த புற்றல்லாத சுரப்பிக் கழலை, கண்ணி போட்டு எடுக்கப்பட்டது.’