எந்த நிமிடத்தில் வந்தது? கேஸ் குரோமட்டோகிராபி வேலை செய்யும் விதம்

ஒரு துளி பெட்ரோலில் சில நூறு வேதிப்பொருட்கள் கலந்து கிடக்கின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒரே திரவம்தான். அதில் பென்சீன் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது? வடிகட்டிப் பிரிக்க முடியாது. காய்ச்சிப் பிரிக்கலாம் என்றால், அடுத்தடுத்த கொதிநிலை உள்ளவை கூட்டமாகவே ஆவியாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கைகொடுக்கும் கருவிதான் கேஸ் குரோமட்டோகிராபி. வாயு வண்ணப்பிரிகை என்று தமிழில் சொல்லலாம். ஆய்வகத்தில் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, 'ஜிசி' என்றால் போதும்.

ஜிசி பொருட்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் கருவி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கலந்து கிடப்பவற்றை வரிசையில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். "இது என்ன?" என்ற கேள்வியை "இது எந்த நிமிடத்தில் வெளியே வந்தது?" என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறது. அதன் பலம் முழுவதும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அது நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோவதும் இதே இடத்தில்தான்.

கருவியைத் திறந்து பார்த்தால், ஒரு ஓவனுக்குள் பழுப்பு நிறத்தில் மெல்லிய கம்பிச் சுருள் போல ஒன்று தொங்கும். அது கம்பி இல்லை, சிலிக்காவால் ஆன குழாய். பெரும்பாலும் 30 மீட்டர் நீளம் இருக்கும். உள்விட்டம் கால் மில்லிமீட்டர். வெளியே பூசியிருக்கும் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்தான் அந்தப் பழுப்பு நிறத்தைத் தருகிறது, வளைத்துச் சுருட்டினாலும் குழாய் உடையாமல் காக்கிறது. உட்சுவரில் ஒரு மைக்ரோமீட்டரில் கால் பங்கு தடிமனுக்கு எண்ணெய் போன்ற சிலிக்கோன் படலம். ஆய்வகத்தில் இந்தக் குழாயைக் 'காலம்' என்பார்கள், ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் வாயால் சொல்லி. தமிழில் காலம் என்றால் நேரம். அது செய்யும் வேலையைப் பார்த்தால் அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

குழாயின் ஒரு முனையில் ஹீலியமோ ஹைட்ரஜனோ நைட்ரஜனோ இடைவிடாமல் நுழைந்துகொண்டே இருக்கும். இதைச் சுமந்து செல்லும் வாயு என்கிறார்கள். மெல்லிய ஊசியால் ஒரு மைக்ரோலிட்டர் மாதிரியை, அதாவது ஒரு துளியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கை, 250 டிகிரி போலச் சூடாக இருக்கும் சின்ன அறைக்குள் செலுத்துவார்கள். உள்ளே போனதும் அது ஆவியாகிவிடும். அவ்வளவையும்கூடக் குழாய் தாங்காது என்பதால் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டுமே அனுப்புவதும் உண்டு.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாயுவில் மிதக்கும்போது எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில்தான் போகின்றன. லேசானது வேகமாகப் போகிறது, கனமானது மெதுவாகப் போகிறது என்று நினைத்தால் அது தவறு. ஒவ்வொரு மூலக்கூறும் அடிக்கடி சுவர்ப் படலத்துக்குள் இறங்கும், கொஞ்ச நேரம் தங்கும், மறுபடி வாயுவுக்கு ஏறும். படலத்தில் இருக்கும் வரை அது ஓர் அங்குலம்கூட நகராது. வழிநெடுக உட்கார இடம் உள்ள ஒரு பாதையில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எப்போது ஊர் போய்ச் சேருவார் என்பதை முடிவு செய்வது நடை இல்லை, உட்கார்ந்த நேரம். எங்கேயும் உட்காராத ஒரு மூலக்கூறு 30 மீட்டரை ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். மற்றவை ஐந்து நிமிடம், பதினேழு நிமிடம், நாற்பது நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரமெல்லாம் படலத்தில் கழித்த நேரம்தான்.

யார் அதிகம் தங்குவார்கள்? எளிதில் ஆவியாகாதவை தங்கும்; படலத்தோடு ஒத்துப்போகிறவையும் தங்கும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, பென்சீன் 80 டிகிரியில். கொதிநிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எண்ணெய்த் தன்மை கொண்ட சிலிக்கோன் படலத்தில் எத்தனாலுக்கு ஒட்டுதல் இல்லை, சீக்கிரமே வெளியே வந்துவிடும். பென்சீன் அங்கே நிதானமாகத் தங்கி வரும். படலத்தை மாற்றினால் வரிசையே மாறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஓவனின் வெப்பத்தை 40 டிகிரியில் தொடங்கி 300 வரை மெல்ல ஏற்றினால், படலத்தை விட்டு எழாமல் கிடக்கும் கனமான பொருட்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

இந்த யோசனை தோன்றியது தாவரங்களின் நிறத்திலிருந்து. 1903-இல் வார்சாவில் மிகைல் ஸ்வெட் என்ற தாவரவியலாளர், இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதைக் காட்டினார். வண்ணப்பிரிகை என்ற பெயர் அதனால்தான். இன்றைய ஜிசியில் வண்ணம் எதுவுமே இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1941-இல் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், நகரும் பொருள் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆவியாகவும் இருக்கலாம் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார்கள். பத்தாண்டுகள் போயின. அதை எடுத்துச் செய்து பார்த்தவர் கடைசியில் அதே மார்ட்டின்தான். அவரும் ஏ. டி. ஜேம்ஸும் 1952-இல் கொழுப்பு அமிலங்களை வாயுவில் ஓடவிட்டுப் பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு, பழைய திரவமுறைக்காக மார்ட்டினுக்கும் சிங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் எரிக்கா கிரெமர் என்ற வேதியியலாளரின் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் அவர் 1944-இலேயே வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். போரின் குண்டுவீச்சில் அச்சகம் அழிந்தது, கட்டுரை வெளிவரவில்லை. அது அச்சில் வந்தது 1976-இல், வரலாற்று ஆவணமாக.

சரி, பிரித்தாகிவிட்டது. குழாயின் மறுமுனையில் ஏதோ வந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? பரவலாகப் பயன்படுவது ஒரு சின்ன ஹைட்ரஜன் சுடர். கார்பன் உள்ள பொருள் அதில் எரியும்போது மின்னூட்டம் பெற்ற துகள்கள் உண்டாகி, மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதை வரைந்தால் தட்டையான கோட்டில் ஒரு மேடு எழும்பி இறங்கும். இதைத்தான் 'பீக்' என்கிறார்கள். மேட்டின் பரப்பு எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லும், அது எழுந்த நிமிடம் யார் வந்தது என்பதைக் குறிப்பாகச் சொல்லும். தண்ணீரை இந்தச் சுடர் கண்டுகொள்ளாது. இரத்தத்தில் மது எவ்வளவு என்று பார்க்க இது பெரிய வசதி. இரத்தத்தை மூடிய சிறு குப்பியில் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை மட்டும் எடுத்துக் குழாய்க்குள் விட்டால் போதும்.

சுடரை விடக் கூர்மையான ஒன்றை 1957-இல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி உருவாக்கினார். ஒரு கதிரியக்கத் தகடு எலெக்ட்ரான்களை வெளியிட்டபடி இருக்கும். அதனால் ஒரு நிலையான மின்னோட்டம் ஓடும். குளோரின், புரோமின் போன்றவை உள்ள மூலக்கூறு வந்தால் அந்த எலெக்ட்ரான்களைக் கவ்விக்கொள்ளும், மின்னோட்டம் சரியும். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளில் குளோரின் நிறைய. அவை எவ்வளவு தூரம், எத்தனை உயிர்களுக்குள் பரவியிருக்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்ததில் இந்த உணரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் லவ்லாக் அதை ஷாக்கில்டன் என்ற கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரிட்டனிலிருந்து அண்டார்டிக் பக்கம் போனார். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன், ஆள் அரவமற்ற கடல் காற்றிலும் இருந்தது. அளவு? லட்சம் கோடியில் ஏறக்குறைய ஐம்பது பங்கு. இவ்வளவு சிறிய அளவு தீங்கு செய்யாது என்றே அவர் அப்போது நினைத்தார். அந்த அளவீட்டைக் கேள்விப்பட்ட ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலாளர், இந்த வாயு கடைசியில் எங்கே போகிறது என்று யோசித்தார். அவரும் மரியோ மொலினாவும் 1974-இல் ஓசோன் படலத்துக்கு வரும் ஆபத்தைச் சொன்னார்கள். இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அளக்க ஒரு கருவி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ.

இப்போது இன்னொரு பக்கம், இந்தக் கருவி நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் பக்கம். 1989-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு கைக்குழந்தை கடுமையாக நோய்வாய்ப்பட்டது. இரத்தத்தை ஜிசியில் ஓட்டிய ஆய்வகம், எத்திலீன் கிளைகால் இருப்பதாகச் சொன்னது. கார் எஞ்சினின் குளிர்விப்பு நீரில் கலக்கும் நச்சு அது. குழந்தை இறந்தது. விஷம் வைத்ததாகத் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் காவலில் இருந்தபோது பிறந்த இரண்டாவது குழந்தைக்கு மீத்தைல்மலோனிக் அசிடீமியா என்ற பிறவிக் குறைபாடு இருப்பது தெரிந்தது. அந்தக் குறைபாட்டில் உடலே புரோபியோனிக் அமிலத்தைச் சேர்த்துவைக்கும். ஆய்வாளர்கள் முதல் குழந்தையின் மாதிரியை மறுபடி சோதித்தார்கள். எத்திலீன் கிளைகால் என்று படிக்கப்பட்ட மேடு புரோபியோனிக் அமிலத்துடையது. 1991-இல் வழக்கு கைவிடப்பட்டது. அந்தத் தாய் இழந்த எதையும் அது திருப்பித் தரவில்லை.

கருவி அங்கே பொய் சொல்லவில்லை. இந்த நேரத்தையொட்டி ஏதோ வந்தது என்று மட்டுமே அது சொன்னது. பெயர் வைத்தவர்கள் மனிதர்கள். ஒரு பேருந்து எட்டரைக்கு வந்தது என்பதால் அது எட்டரை வண்டிதான் என்று ஆகிவிடாது. ஒரே நேரத்தில் வெளியே வரக்கூடிய பொருட்கள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் மது சோதனையில், தன்மை வேறுபட்ட படலம் கொண்ட இரண்டு குழாய்களில் ஒரே மாதிரியை ஓட்டுவது வழக்கம். ஒன்றில் தற்செயலாக நேரம் ஒத்துப்போகலாம், இரண்டிலும் ஒத்துப்போவது அரிது.

அதைவிட உறுதியான வழி, குழாயின் முனையில் நிறை நிரல்மானியை, அதாவது மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் கருவியை, மாட்டுவது. 1950-களிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். வெற்றிடத்துக்குள் வரும் மூலக்கூறுகளை 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களால் அடித்து உடைப்பார்கள். ஒரு மூலக்கூறு உடையும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கும். எத்திலீன் கிளைகால் உடைந்தால் பெரிதாகத் தெரிவது 31 நிறையுள்ள துண்டு. புரோபியோனிக் அமிலத்தில் முழு மூலக்கூறே 74-இல் எழுந்து நிற்கும். நேரம் ஒத்துப்போனாலும் உடைந்த துண்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி லட்சக்கணக்கான பொருட்களின் துண்டுக் கோலங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கணினி அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் ஊக்கமருந்து தேடுவதும், தீப்பிடித்த வீட்டின் கரியில் பெட்ரோல் எச்சம் தேடுவதும் இந்த இணைந்த கருவியில்தான். தீ விபத்தில் ஒற்றை மேட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பெட்ரோலில் இருக்கும் டொலுயீனை எரிந்த தரைவிரிப்பே தரும். பெட்ரோலுக்கே உரிய மேடுகளின் கூட்டம், அவற்றின் ஒன்றுக்கொன்றான உயரம், எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும்.

2022-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இருமல் மருந்து குடித்த அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு எத்திலீன் கிளைகாலும் அதைப் போன்ற இன்னொரு நச்சான டைஎத்திலீன் கிளைகாலும் மறுபடி செய்தியில் வந்தன. சிரப்பில் இவை 0.1 சதவீதத்தைத் தாண்டுகின்றனவா என்று சொல்ல ஒரு சாதாரண ஜிசி போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் வலிக்கிறது.

ஜிசிக்குள் எல்லாமே போகாது. ஆவியாகாத பொருளுக்கு அங்கே இடமில்லை. உப்பு, புரதம் இவற்றுக்கு வேறு முறைகள். சர்க்கரையைச் சூடாக்கினால் கருகும். அதன் ஹைட்ராக்சில் முனைகளில் சிலிக்கான் தொகுதிகளை ஒட்டி ஆவியாகும்படி மாற்றி அனுப்புவார்கள். சூடே பொருளை மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கி ஜிசியில் விட்டபோது குளோரோமீத்தேன் வகைகள் மட்டுமே தெரிந்தன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. அது சூட்டில் கரிமப் பொருட்களைச் சிதைத்துக் குளோரின் சேர்மங்களாக்கும். அப்படியானால் வைக்கிங் பார்த்தது செவ்வாயின் சொந்தக் கரிமப் பொருளின் சிதைவாக இருக்கலாமே என்று விவாதம் மறுபடி திறந்தது.

வாசனை ஆராய்பவர்கள் இதே கருவியில் இன்னொரு உணரியை மாட்டுகிறார்கள். குழாயின் முனையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி சுடருக்கு, மறுபாதி ஒரு கண்ணாடிக் கூம்புக்கு. கூம்பில் மூக்கை வைத்தபடி ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். புல், வெண்ணெய், ஈரத்துணி என்று வரவர ஒவ்வொன்றையும் நிமிடத்தோடு குறிப்பார். சுடர் வரையும் மிக உயரமான மேடு அவருக்கு எந்த மணமும் தராமல் போவது உண்டு. கோடு தட்டையாகவே கிடக்கும் ஏதோ ஒரு நிமிடத்தில் மண்வாசனை குப்பென்று வரும். மழை பெய்ததும் எழும் அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். அவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். அப்புறம் மாதிரியை இன்னும் செறிவாக்கி, நிறை நிரல்மானியில் அதே நிமிடத்தைத் தேடத் தொடங்குவார்கள்.