பராஷா: யூதர்களின் வாரப் பகுதி

யூதர்கள் எழுதும் பதிவுகளைப் படிக்கிறவர்கள் "இந்த வார பார்ஷா" என்று தொடங்கும் பதிவு ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். ஒருவர் அதை வைத்து அலுவலக அரசியலைப் பேசுவார், இன்னொருவர் பிள்ளை வளர்ப்பைப் பேசுவார், மூன்றாமவர் தன் ஊர்த் தேர்தலைப் பேசுவார், ஆனால் மூன்று பேரும் எடுத்துக்கொண்ட வேதப் பகுதி ஒன்றாகவே இருக்கும். அந்தப் பகுதிக்குத்தான் பராஷா என்று பெயர். ஐரோப்பிய யூதர் வாயில் அது பார்ஷா ஆகிவிடும். முழுப்பெயர் 'பராஷத் ஹஷாவுவா', அதாவது வாரத்தின் பராஷா.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள், தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை உள்ளவை. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாக, சனிக்கிழமை காலை தொழுகைக்கூடத்தில் சுருளிலிருந்து ராகத்தோடு வாசிக்கிறார்கள். திங்களும் வியாழனும் அடுத்த பகுதியின் தொடக்கத்தைக் கொஞ்சம் வாசிப்பதுண்டு. யூத நாட்காட்டியில் சில ஆண்டுகளுக்கு 13 மாதம், அதனால் வாரக் கணக்கு மாறும், இடிக்கும்போது இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் வரும் சிம்ஹத் தோரா அன்று உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். இடைவெளியே கிடையாது.

சரி, சொல்லுக்கு வருவோம். எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து பிறப்பவை. இதன் வேர் ப்-ர்-ஷ். 'பிரித்தல்' என்பது ஒரு பொருள், 'தெளிவாக்குதல்' என்பது இன்னொன்று. இதே வேரிலிருந்துதான் உரை என்று பொருள்படும் 'பேருஷ்' வருகிறது, உரையாசிரியரைக் குறிக்கும் 'பர்ஷான்' வருகிறது. விவிலியம் படித்தவர்களுக்குப் பழக்கமான பரிசேயர் என்ற பெயரையும் 'பிரிந்து நின்றவர்கள்' என்று இந்த வேரோடுதான் பொதுவாகச் சேர்ப்பார்கள். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன் வேத அறிஞர் எஸ்றா மக்களைக் கூட்டி வைத்து வேதம் வாசிக்கும் காட்சி வரும். அங்கே அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று சொல்ல எபிரேயத்தில் நிற்கும் 'மெஃபோராஷ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். பிரித்துப் பிரித்து வாசித்தார்களா, விளக்கி வாசித்தார்களா என்று இன்றும் இரண்டு விதமாகப் பொருள் கொள்கிறார்கள்.

பழைய வழக்கில் பராஷா என்றால் வெறும் பத்திதான். தோரா சுருளில் உயிர்க்குறி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, வசன எண் இல்லை. விட்ட இடைவெளியைப் பார்த்துத்தான் ஒரு பத்தி முடிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாரப் பகுதிக்கு 'சித்ரா' என்றொரு சொல்லும் உண்டு, ஒழுங்கு, வரிசை என்ற பொருளில்.

ஓராண்டுச் சுற்று பாபிலோனிய யூதர்களின் வழக்கம். இஸ்ரேல் நாட்டில் முன்பு ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒரு சுற்று. 12ஆம் நூற்றாண்டில் தூதேலா ஊர்க்காரர் பெஞ்சமின் என்ற பயணி எகிப்துக்குப் போனபோது இரண்டு வழக்கமும் ஒரே நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். கடைசியில் பாபிலோன் வழக்கமே நின்றது.

பகுதிகளுக்குப் பெயர் வைக்கும் முறை சுவாரசியமானது. தலைப்பு யோசிப்பதெல்லாம் இல்லை, தொடக்கத்தில் வரும் முக்கியமான சொல்தான் பெயர். அதனால் 'சாராளின் வாழ்நாள்' என்று பெயர் கொண்ட பகுதி சாராளின் சாவோடு தொடங்குகிறது. பத்துக் கட்டளைகள் வரும் பகுதிக்கு எத்திரோ என்று பெயர், அவர் இஸ்ரவேலரே இல்லை, மீதியான் நாட்டு ஆசாரியர், மோசேயின் மாமனார். எல்லா வழக்கையும் நீ ஒருவனே உட்கார்ந்து தீர்த்தால் நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள், ஆட்களை நியமித்து வேலையைப் பகிர்ந்து கொடு என்று மருமகனுக்கு அவர் சொல்லும் அறிவுரை அதில்தான் இருக்கிறது. நிர்வாகப் பயிற்சி நடத்துகிறவர்கள் இதை விடுவார்களா? எனக்கென்னவோ, இப்படிச் சட்டென்று கையில் கிடைக்கும் பாடங்களில் ருசி குறைவு.

பராஷாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பகுதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பிடித்த வசனத்துக்கு ஓடவும் முடியாது, பிடிக்காததைத் தாண்டவும் முடியாது. லேவியராகமத்தில் தஸ்ரியா, மெட்சோரா என்று இரண்டு பகுதிகள் உண்டு: தோல் தடிப்பு, வெள்ளைப் புள்ளி, ஆசாரியர் வந்து பார்ப்பது, ஏழு நாள் அடைத்து வைப்பது, பாளயத்துக்கு, அதாவது கூடார முகாமுக்கு, வெளியே குடியிருக்கச் செய்வது. இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். யூத மத ஆசான்களான ரபிகள், இந்தத் தோல் நோய் கண்டவனைக் குறிக்கும் 'மெட்சோரா' என்ற சொல்லை உடைத்து 'மோட்சி ஷெம் ரா', அதாவது அவதூறு கிளப்புகிறவன், என்று படித்தார்கள். மோசேயைப் பற்றித் தவறாகப் பேசிய அவருடைய அக்கா மிரியாமுக்கு இதே நோய் வந்தது என்பது அவர்களுக்கு ஆதாரம். அதிலிருந்து அந்த வாரம் புறம் பேசுவதைப் பற்றிய வாரமாகிவிட்டது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருவதை விசாரிக்காமல் தள்ளிவிடுவது வரைக்கும் பேசுகிறார்கள். 2020 ஏப்ரல் 25 அன்று முறைப்படி வந்ததும் இதே இரட்டைப் பகுதிதான். கொரோனா காலம், தொழுகைக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன, அவரவர் வீட்டில் அடைபட்டு, தனிமைப்படுத்தலைப் பற்றிய அதிகாரத்தைப் படித்தார்கள். அதே வரிகள்தான், ஆனால் அந்த ஆண்டு புறம் பேசுவதைவிட, பாளயத்துக்கு வெளியே தனியே உட்கார்ந்திருப்பவனின் நிலைதான் பலருக்கு முன்னால் வந்து நின்றது.

இந்த வேலையைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர்களில் நெகாமா லைபோவிட்ஸ் முக்கியமானவர் (1905–1997). 1942 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள், அந்தந்த வாரப் பகுதி மேல் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பினார். யார் வேண்டுமானாலும் பதில் எழுதி அஞ்சலில் அனுப்பலாம், அவர் திருத்தி அனுப்புவார். வாழ்க்கைப் பாடத்தை அவர் ஊட்டிவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இந்த இடத்தில் ஏன் உரை எழுதினார், அவரை உறுத்தியது எது என்று கேட்பார். உறுத்தலைக் கண்டுபிடித்தால் பொருள் தானே வரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? கத்தோலிக்கர் 'வாசகம்' என்கிறார்கள், 'வார வாசகம்' புரியும், தவறில்லை. ஆனால் அதில் வாசிப்பு இருக்கிறது, பிரிப்பு இல்லை. பாராயணம் என்பது ஓதும் செயல். அத்தியாயம் என்றால் விவிலிய அதிகாரத்தோடு குழம்பும். நான் 'பகுதி' பக்கம். பகு என்றால் பிரி. பகுத்தறிவு, பகுப்பாய்வு என்று அதே வேர் தெளிந்து அறிவதற்கும் போகிறது, எபிரேய வேர் போகும் அதே வழி. 'பிரிவு' என்பது ஒலியில் பராஷாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம், அது தற்செயல். எங்கள் பகுதி, உங்கள் பகுதி என்று இடத்தைச் சொல்லவும் இதே சொல்தான் என்பதால், முதல் தடவை 'வாரத் தோரா பகுதி' என்று முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் 'வாரப் பகுதி' என்று சுருக்கிக்கொள்ளலாம். தனிப் பகுதியின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் தஸ்ரியா, மெட்சோரா என்றே விடுவது நல்லது.