சமூக அறிவியல் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு

"சோசியல்தானே சார், கடைசி ரெண்டு நாள் படிச்சா போதும்." பெற்றோர் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு இது. கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன், எங்கள் பாடத்துக்கு ஒரு கைடு. கேள்வித்தாளும் பல நேரம் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறது.

உள்ளாட்சிப் பாடத்தில் 73ஆவது திருத்தம், 1992 என்பது ஒரு மதிப்பெண். கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது அந்தத் திருத்தம்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. உங்கள் வீட்டில் யாராவது போவதுண்டா என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்ததாக யாராவது சொல்வார்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி. கிராம சபையில் கேட்க ஒரு கேள்வி எழுதச் சொல்வேன். முதலில் வருவது "எங்க தெருவுக்குத் தண்ணி வரல." அது புகார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். வரவு செலவுக் கணக்கு என்றால் என்ன என்று நடத்திய பிறகு அதே பிள்ளை எழுதுவது: "மேல்நிலைத் தொட்டிப் பராமரிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவானது? கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்?" இதற்குத் தொகையையும் தேதியையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. மனு எழுதுவதும் எங்கள் வகுப்பில்தான் நடக்கும்.

புவியியலும் இப்படித்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்று படித்த பிள்ளை, நாளைக்கு மனை வாங்கும்போது பழைய வரைபடத்தில் ஏரியும் ஓடையும் எங்கே இருந்தன என்று தேடும். குரூப் 4 தேர்வுக்கு உதவும் என்பதும் உண்மைதான். அதை விளம்பரம் செய்யப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன.

அடுத்த கிராம சபைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். 18 வயது ஆகாதவர்கள் உறுப்பினர் ஆக முடியாது, பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது என்று விசாரியுங்கள்.